ரிட்டயரிங் என்றொரு சொல்

1. கிரேன் நின்ற காலை

திருவொற்றியூரில் நான் கிளார்க்காக இருந்த கம்பெனியின் யார்டில் ஒரு நாள் காலை கிரேன் நின்றுவிட்டது. பழுது எதுவும் இல்லை. பாய்லரில் ஸ்டீம் இருந்தது. லீவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஆளும் இருந்தான். கீழே நிற்கத்தான் ஒருவரும் வரவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. எண்ணெய் டாங்கியும் டிரம்மும் செய்வது எங்கள் கம்பெனியின் தொழில். ரயில்வே சைடிங்கில் வந்து நிற்கும் வேகன்களிலிருந்து இரும்புத் தகடுகளை இறக்க ஒரு ஸ்டீம் கிரேன் இருந்தது. தகட்டுக் கட்டில் சங்கிலி மாட்டி, கீழே நின்று குரல் கொடுக்க ஆறு கலாசிகள். தூக்கு என்பதற்கு 'அபீஸ்' என்பார்கள், இறக்கு என்பதற்கு 'ஆரியா' என்பார்கள். ஹார்பரில் பழகிய சொற்கள். எந்தத் தேசத்துச் சொற்கள் என்று அவற்றைச் சொல்கிறவர்களுக்கே தெரியாது.

முந்தின நாள் ஒரு தகட்டுக் கட்டு பாதி உயரத்தில் ஆடி, சங்கிலி நழுவித் தரையில் விழுந்தது. கலாசிகளின் மேஸ்திரி குப்பன் நின்ற இடத்துக்கும் அது விழுந்த இடத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். யாருக்கும் அடி இல்லை. கிரேனை ஓட்டியவன் பிட்டர் ஷாப்பிலிருந்து வந்த ஆள், லீவரை வெடுக்கென்று இழுக்கிறவன். பதினாறு வருஷம் அந்தக் கிரேனை ஓட்டிய மொய்தீன் ரிட்டயர் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கிரேன் நின்ற காலையில் குப்பன் நேராக ஆபீசுக்கு வந்தார். ஹெட் கிளார்க் வரதாச்சாரி பாரிமுனையில் இருந்த ஹெட் ஆபீசுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். பேனா பிடிக்கிற யாரானாலும் யார்டில் அவருக்கு ரைட்டர் என்றுதான் பெயர்.

"இன்னா ரைட்டரே, மொய்தீன் பாய இன்னாத்துக்கு வூட்டுக்கு அனுப்புனீங்க?"

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், கப்பல் ஏறுமுன் துரையே அப்படி எழுதிவிட்டுப் போனார் என்றேன்.

"தொரயா? தொர போற அன்னிக்கு மொத்த யார்டும் வரிசையா நின்னுச்சு. எல்லாருக்கும் தலையாட்டிக்கினே போனாரு. கிரேன்கிட்ட மட்டும் நின்னாரு. பாய் எறங்கறதுக்குள்ள இவுரே படியேறி கைய நீட்டுனாரு. அந்தத் தொரயா இவுர வூட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுனாரு? இன்னா நைனா கத வுடற."

பிறகு குரலைத் தாழ்த்தி, மேலே இருப்பவன் கை எப்படிப்பட்டது என்று தெரியாமல் கீழே நிற்க முடியாது, பாய் மேலே ஏறினால் தாங்கள் கீழே நிற்போம், இல்லாவிட்டால் தகடு வேகனிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காகிதத்தில் இருந்ததைத்தான் நான் அவரிடம் சொன்னேன். அந்தக் காகிதத்தை டைப் அடித்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

2. மூன்று பத்தி நோட்டு

அந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு பெயர்ச்சொல்லால்தான்.

இன்டர்வியூவில் வரதாச்சாரி கணக்கு கேட்கவில்லை, டைப்பிங் வேகமும் கேட்கவில்லை. 'அரைவ்' என்ற வெர்புக்கு நவுன் என்ன என்று கேட்டார். எனக்கு முன்னால் போனவர் 'அரைவேஷன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் 'அரைவல்' என்றேன். 'ரெஃப்யூஸ்' என்றார். 'ரெஃப்யூசல்' என்றேன். 'டிசைட்' என்றார். 'டெசிஷன்'. மறுநாளே வரச் சொன்னார்.

ராயபுரத்தில் நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் மூன்று பத்தி போட்ட நோட்டு வைக்கச் சொல்லியிருந்தார். முதல் பத்தியில் வெர்ப், இரண்டாவதில் நவுன், மூன்றாவதில் அட்ஜெக்டிவ். இங்கிலீஷில் ஒரு வெர்புக்குப் பின்னால் வால் ஒட்டினால் நவுன் ஆகிவிடும். 'மெண்ட்', 'ஷன்', 'அல்', 'அன்ஸ்' என்று நாலைந்து வால்கள். தொல்லை என்னவென்றால் எதற்கு எந்த வால் என்பதற்கு விதி கிடையாது. 'அக்செப்ட்' என்பதற்கு 'அக்செப்டன்ஸ்', ஆனால் கூடப் பிறந்தது போல இருக்கும் 'எக்செப்ட்' என்பதற்கு 'எக்செப்ஷன்'. 'ப்ரொப்போஸ்' என்பதற்கு 'ப்ரொப்போசல்', 'சப்போஸ்' என்பதற்கோ 'சப்பொசிஷன்'. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. நான் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்போது அறுநூறு வெர்புகள் வரை அந்த நோட்டில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கையோடு கொண்டுவந்து மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

வரதாச்சாரிக்கு நவுன் என்றால் பிரியம். ஆபீஸ் கடிதத்தில் வெர்ப் நிறைய இருந்தால் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும், நவுன் போட்டால் சத்தமே இருக்காது என்பார். அவர் எழுதும் கடிதங்களில் யாரும் எதையும் உடைக்க மாட்டார்கள், 'ப்ரேக்கேஜ்' நடந்திருக்கும். யாரும் யாரையும் சஸ்பெண்ட் செய்ய மாட்டார்கள், 'சஸ்பென்ஷன்' வந்திருக்கும். இருபத்திரண்டு வயதில் அது எனக்குப் பெரிய அழகாகப் பட்டது. நானும் அப்படியே எழுதப் பழகினேன்.

3. துரை எழுதிவிட்டுப் போன தாள்கள்

துரை என்பது எங்கள் வொர்க்ஸ் மானேஜர். நான் சேர்ந்து எட்டு மாதத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். போகுமுன் யார்டிலும் ஷாப்பிலும் இருந்த நூற்றுச்சொச்சம் ஆட்களைப் பற்றி, ஆளுக்கு ஒரு வரி, பென்சிலில் எழுதி வைத்தார். தனக்குப் பின்னால் வருகிறவருக்கு உதவட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்து வந்தவர் கோபாலன் என்ற இளம் எஞ்சினியர். அவருக்கு ஆட்களைத் தெரியாது. அந்த வரிகளை ஒரு ஸ்டேட்மெண்டாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

வரதாச்சாரி தாளில் பத்தி பிரித்துக் கோடு போட்டார். பெயர், தொழில், சர்வீஸ், கடைசியில் 'ரிமார்க்ஸ்'. ரிமார்க்ஸ் பத்தி குறுகலானது. ஒன்றோ இரண்டோ சொல்லுக்குத்தான் இடம். "நவுன்ல போடுப்பா" என்று என்னிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். 'பஞ்சுவல்' என்று துரை எழுதியிருந்தால் 'பஞ்சுவாலிட்டி'. 'கேர்லெஸ்' என்றால் 'கேர்லெஸ்னெஸ்'. மேஸ்திரி குப்பனைப் பற்றித் துரை 'ஆர்க்யூஸ், பட் வொர்க்ஸ்' என்று எழுதியிருந்தார். இரண்டும் வெர்ப். அரைமணி நேரம் யோசித்து, 'ஆர்க்யுமெண்ட் அண்ட் வொர்க்' என்று போட்டேன்.

மொய்தீனைப் பற்றிய வரி இது: 'எ ஸ்டெடி, ரிட்டயரிங் மேன்.'

நோட்டைப் பார்த்தேன். 'ரிட்டயர்' என்ற வெர்புக்கு நேராக 'ரிட்டயர்மெண்ட்' என்ற நவுனும், 'ரிட்டயர்ட்' என்ற அட்ஜெக்டிவும் இருந்தன. 'ரிட்டயரிங்' இல்லை. ரிட்டயர் ஆகப்போகிறவர் என்று பொருள் செய்துகொண்டேன். அந்தப் பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு, அது பிறகு தெரிந்தது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாததால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் மொய்தீன் வயது 'சுமார்' என்று போட்டுத்தான் எழுதியிருந்தது. அவருடைய நரைத்த தாடியைப் பார்த்து யாரோ ஊகித்த வயது. அதனால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. 'ஸ்டெடினெஸ்; ரிட்டயர்மெண்ட்' என்று டைப் அடித்து அடுத்த பெயருக்குப் போனேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வரதாச்சாரி இரண்டாவது சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். துரை சிபாரிசு செய்திருக்கிறார் என்றுதான் அவரும் நினைத்தார். ஸ்டேட்மெண்டின் அடியில் இன்ஷியல் வைத்தார். கோபாலன் கையெழுத்துப் போட்டார். மொய்தீனுக்கு ஒரு மாத நோட்டீஸ் போயிற்று.

நோட்டீஸ் வாங்க மொய்தீன் ஆபீசுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போன பிறகு வரதாச்சாரி, மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும், வேறு யாராவது இருந்தால் இந்நேரம் யூனியனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான் என்று பாராட்டினார்.

4. அலமாரியில் இருந்த அகராதி

குப்பன் கத்திவிட்டுப் போன அன்று மத்தியானம், வரதாச்சாரியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தேன். அதில் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று இருந்தது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. நோட்டு இருக்கும்போது அகராதி எதற்கு என்ற எண்ணம்.

'ரிட்டயரிங்' தனியாக இருந்தது. அட்ஜெக்டிவ். கூச்ச சுபாவம் உள்ள, முன்னால் வந்து நிற்க விரும்பாத, தன்னைக் காட்டிக்கொள்ளாத. நின்றபடியே மூன்று தடவை படித்தேன்.

துரை எழுதியது ஒரு பாராட்டு. உறுதியான, ஆரவாரம் இல்லாத மனிதர். பதினாறு வருஷம் கிரேனை ஓட்டியவரைப் பற்றி ஒரே வரியில் அதைவிடச் சரியாக எழுத முடியாது. அந்த அட்ஜெக்டிவை நான் நவுன் ஆக்கினேன். நவுன் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. அவர் ரிட்டயரிங் சுபாவம் உள்ளவர் என்பதால்தான் ரிட்டயர்மெண்ட் நோட்டீஸ் கொடுத்தபோது வாய் திறக்கவில்லை. குப்பனுக்கு அந்த நோட்டீஸ் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் உண்மை வெளியே வந்திருக்கும்.

வரதாச்சாரி நாலு மணிக்குத் திரும்பினார். அகராதியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மறுபடி படித்தார். அகராதியை மூடினார்.

"அவன் ஏதாவது கேட்டானா?"

"இல்ல சார்."

"பின்னே நீ ஏன் கேக்கறே?"

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். எனக்கு டைபாய்டு வந்து இருபது நாள் படுத்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். அவருக்கே ரிட்டயர் ஆக மூன்று வருஷம்தான் இருந்தது. ஸ்டேட்மெண்டின் அடியில் இருந்தது அவருடைய இன்ஷியல். புது மானேஜரோ எதையும் இரண்டு தடவை கேட்கிற ரகம்.

பிறகு ஒரு வழி சொன்னார். 'ரீஅப்பாயிண்ட்மெண்ட்'. மொய்தீன் மனுப் போட வேண்டும். கிரேனுக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதால் அவரைப் புது ஆளாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய பதினாறு வருஷ சர்வீஸ் கணக்கில் வராது. ஆறு மாதம் டெம்பரரியாக இருப்பார், அதற்குள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் யாரும் தப்புச் செய்ததாக எங்கும் எழுத வேண்டியதில்லை. என்னைப் பார்த்து, சாயங்காலமே போய் அவனிடம் சொல்லிவிட்டு வா, சந்தோஷப்படுவான் என்றார்.

எனக்கும் மனசு லேசாகிவிட்டது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வேலை திரும்பக் கிடைக்கிறது, என் பெயரும் வெளியே வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

5. எந்த லோடு

மொய்தீன் வீடு தண்டையார்பேட்டையில், டோல்கேட்டிலிருந்து கிழக்கே போகும் சந்து ஒன்றில் இருந்தது. முன்பக்கத்து ஒட்டுத் தாழ்வாரத்தில் ஸ்டவ் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று ஸ்டவ். பத்து நாளில் ஸ்டவ் ரிப்பேர் தொழில் தொடங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளே இருந்து டீ வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை அவர் எதுவும் கேட்கவில்லை.

மனுப் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். புது ஆளாக என்பதையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பித்தளை பர்னரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் பேசினார்.

"வர்றேன் தம்பி. அத்தப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லணும் நீ. எந்த லோடு?"

எனக்குப் புரியவில்லை.

"எந்த லோடு தப்பாப் போச்சு? பத்து நாளா யோசிச்சிகினு கீறேன். மார்கழியில ஒரு டாங்கி வேகன் மேல லேசா இட்ச்சிது. அத்தக் குப்பன் பாத்தான், தொரயும் பாத்தாரு, சிரிச்சிட்டுப் போயிட்டாரு. அது இல்லன்னு நெனக்கிறேன். அதுக்கு மின்ன ஒரு சங்கிலி அறுந்துச்சு. அது சங்கிலி மேல குத்தம். வேற எதுன்னு எனக்குத் தெர்ல."

டோல்கேட் டீக்கடையில் கேட்கிறார்களாம், மசூதியில் கேட்கிறார்களாம், வயசு ஆவதற்குள் வீட்டுக்கு அனுப்பினார்களே, எதைக் கீழே போட்டாய் என்று. அவர் அங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டார். வேலை போனதைவிட அந்த லோடு எது என்று தெரியாததுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. என்னிடம் அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லோடு எதுவும் இல்லை பாய் என்றேன். பிறகு எப்படி என்று அவர் பார்த்தார்.

'ரிட்டயரிங்' என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? வெர்ப், நவுன், அட்ஜெக்டிவ் என்று ஆரம்பித்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார், ஒன்றும் ஏறவில்லை. மூன்று பத்தி நோட்டை வைத்துக்கொண்டு வேலை வாங்கிய எனக்கு, அதில் உள்ளதை ஒரு மனிதனுக்கு விளக்கத் தெரியவில்லை. அப்போதுதான் தமிழிலேயே அந்தச் சொல் இருப்பது தோன்றியது.

"பாய், துரை உங்களப் பத்தி 'அடக்கமான ஆள்'னு எழுதினாரு. நான் அத 'அடக்கம் பண்ணு'ன்னு படிச்சிட்டேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. உள்ளே திரும்பி, இந்தா கேட்டியா, என்னை அடக்கம் பண்ணிட்டு இப்ப தோண்டி எடுக்க வந்திருக்காரு ரைட்டர் என்று மனைவியிடம் சொன்னார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ தொர நல்லாத்தான் எழுதிக்கீறாரு?"

"நல்லாத்தான் எழுதியிருக்காரு."

"அத்த எனக்கு எழுதிக் குடு."

6. அடித்து எழுதிய சொல்

டீக்கடையில் காட்டுவதற்கு என்று நினைத்தேன். அதற்கு மட்டும் இல்லை என்பது பிறகு புரிந்தது. அவருக்கே அது வேண்டியிருந்தது.

பையில் ஆபீஸ் தாள் இருந்தது. தமிழில் எழுதினேன். கிரேன் டிரைவர் மொய்தீன் அவர்கள் வேலையில் எந்தக் குறையும் கிடையாது. முன்னாள் மானேஜர் அவரைப் பற்றி நல்ல முறையில் எழுதியிருந்தார். அது தவறுதலாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"எழுதப்பட்டுவிட்டதுன்னா?"

"தப்பா எழுதிட்டாங்கன்னு அர்த்தம், பாய்."

"யாரு?"

நாற்பது நாள் முன்பு நோட்டீஸ் வாங்கும்போது கேட்காத கேள்வி. பர்னரைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டார், குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நான்தான்."

"அப்ப அத்த எழுது."

'எழுதப்பட்டுவிட்டது' என்பதை அடித்துவிட்டு, 'நான் எழுதிவிட்டேன்' என்று எழுதினேன். ஒரு சொல்லை மாற்ற எனக்கு அவ்வளவு நேரம் ஆனது அதுதான் முதல் தடவை. தமிழில் வினைச்சொல்லின் கடைசியில் செய்தவன் உட்கார்ந்திருக்கிறான். எழுதினேன், எழுதினான், எழுதினாள், எழுதினார்கள். அவனை அங்கிருந்து கிளப்ப வேண்டுமென்றால் 'பட்டது' என்று ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். வரதாச்சாரியிடம் கற்ற இங்கிலீஷை நான் என் பாஷைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன் என்பதைப் படிக்காத ஒரு மனிதர் ஒற்றைக் கேள்வியில் காட்டிவிட்டார்.

அவர் தாளை வாங்கி, நாலாக மடித்து, மேல் பையில் வைத்தார். அந்தத் தாள் அவர் பையில் இருக்கும்போது, நான் ஆபீசில் வேறொரு கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. மனுப் போட வேண்டாம் பாய், நான் வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

மறுநாள் காலை வரதாச்சாரியிடம் முதலில் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். கோபாலனுக்கு இங்கிலீஷில் ஐந்து வரி எழுதினேன். சொல்லின் பொருளை நான் தவறாகப் புரிந்துகொண்டேன், நான் அகராதியைப் பார்க்கவில்லை, நான் தவறாக டைப் செய்தேன், ஹெட் கிளார்க் என்னை நம்பி இன்ஷியல் வைத்தார், மொய்தீனின் ரிட்டயர்மெண்டை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வெர்ப். பார்க்கவே அந்தத் தாள் எனக்குச் சந்தைக்கடையாகத்தான் தெரிந்தது.

கோபாலன் தமிழில் பேசுகிறவர். தாளைப் படித்துவிட்டு, வரதாச்சாரியையும் உள்ளே கூப்பிட்டார். துரையின் பென்சில் தாளைக் கொண்டுவரச் சொல்லி அதையும் பார்த்தார். யார் சொல்லி இதை எழுதினாய் என்று என்னைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன்.

"இந்த ஆபீசுக்கு நான் வந்ததிலேர்ந்து 'ஐ'ன்னு ஆரம்பிக்கற கடுதாசி லீவ் லெட்டர் மட்டுந்தான் பாத்திருக்கேன்" என்றார்.

அன்றே ரத்து உத்தரவு டைப் ஆயிற்று. நான்தான் அடித்தேன். சர்வீஸ் முறியாமல், பதினாறு வருஷமும் அப்படியே இருக்க, மொய்தீன் மறுநாள் காலை கிரேனில் ஏறினார். குப்பன் கீழே நின்றார். நின்றிருந்த வேகன்கள் சாயங்காலத்துக்குள் காலியாயின. யார்டில் எனக்கு 'அடக்க ரைட்டர்' என்று பெயர் வைத்தார்கள். குப்பன் உபயம். ஆபீசைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எட்டி, "இன்னா ரைட்டரே, இன்னிக்கு யாருக்கு அடக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

7. பிறகு

எனக்கு ஒரு வருஷம் ப்ரொபேஷன். அது முடிந்தபோது கன்பர்ம் செய்யவில்லை. இந்த விஷயம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வரதாச்சாரி நல்ல சர்டிபிகேட் ஒன்று டைப் அடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடுமுன் தாளை என் பக்கம் நகர்த்தி, "சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு" என்றார். சரியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு தினசரியில் ப்ரூப் ரீடராகச் சேர்ந்தேன். பிறகு டெஸ்க்கில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதே பிழைப்பாக இருந்தது.

அந்த வேலையில் நான் கற்றுக்கொடுக்கக்கூடியது அதிகம் இல்லை. தெரியாத சொல்லைவிடத் தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆபத்து, அதற்குத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, டெஸ்க்குக்கு வரும் செய்தியில் 'நீக்கப்பட்டார்', 'சுடப்பட்டனர்', 'தவறு நேர்ந்துவிட்டது' என்று வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். எழுதியவரைக் கூப்பிட்டு, யார் என்று கேளுங்கள். சில சமயம் அவருக்கே தெரிந்திருக்காது. சில சமயம் தெரிந்தும் எழுதியிருக்க மாட்டார். அந்தக் கேள்வியைக் கடுமையாகக் கேட்க வேண்டியதில்லை. டோல்கேட் சந்தில் என்னிடம் கேட்ட மனிதர் ஒரு பர்னரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.